டாக்டர் வாயில் தெர்மாமீட்டர்

“மூணு மாசமாத் தேடுறேன் மேடம். எங்க ஊர்ல மறதி நோய் ஒருத்தருக்கும் இல்ல.”

சொன்னவர் டாக்டர் தெய்வசிகாமணி. அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர். கேட்டவர் டாக்டர் நஸ்ரின். மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஊர் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்து நாலு. அது சீடருக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

“எப்படிக் கேக்குறீங்க?”

“நீங்க குடுத்த கேள்வித்தாளை வெச்சுத்தான். அத்தனை பேரும் முழு மார்க்.”

“அடுத்தவரைக் கூப்பிடுங்க. பார்க்கிறேன்.”

வந்தவர் மாரப்பன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அறுபத்தொரு வயது. ‘வேன் ஓட்டத் தகுதியானவர்’ என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை இன்னொரு வருடம் நீளும். படிவத்தை மேஜைமேல் வைத்தார்.

“சீக்கிரம் போட்டுக் குடுத்துருங்க. நாலு மணிக்குப் புள்ளைங்க வந்து நின்னுக்குமுங்க.”

மணி மூன்றரை. வேன் வாசலில் நின்றது.

“மூணு வார்த்தை சொல்றேன் மாரப்பா,” என்றார் தெய்வசிகாமணி. “ ஞாபகம் வெச்சுக்க. செருப்பு, குடை, வாழைப்பழம். சரி, இன்னைக்கு என்ன கிழமை?”

மாரப்பன் சிரித்தார்.

“புதன்தானே?”

“புதனுங்க.”

“அந்த மூணு வார்த்தை? செருப்பு, குடை...”

“செருப்பு, குடைங்க. அப்புறம்...”

“வாழ...”

“வாழைப்பழமுங்க.”

“பார்த்தீங்களா மேடம்?” டாக்டர் பேனாவைத் திறந்தார்.

நஸ்ரின் எழுந்தார். ஒரு தெர்மாமீட்டரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து நீட்டினார்.

“நாக்குக்கு அடியில வைங்க சார்.”

“மாரப்பனுக்கா? காய்ச்சல் இல்லையே.”

“உங்களுக்கு. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

நோயாளி முன்னால் இப்படியா என்று டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வைத்துக்கொண்டார். பேனாவை மட்டும் விடவில்லை.

நஸ்ரின் மாரப்பன் பக்கம் திரும்பினார். “அண்ணா, புள்ளைங்களை ஏத்திட்டு எந்த வழியாப் போவீங்க?”

“தெனமும் போறதுதானுங்களே. பஸ் ஸ்டாண்டுல மூணு புள்ளைங்க எறங்குமுங்க. அப்புறம் ரேசன் கடை. அப்புறம்...”

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

வாய்க்கால் பாலம், வலது பக்கம். சொல்லிவிட டாக்டருக்கு நாக்கு துறுதுறுத்தது. கண்ணாடிக் குழாய் பல்லில் இடித்தது.

மாரப்பன் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். எப்போதும் அங்கிருந்து வருகிற வார்த்தை வரவில்லை.

இத்தனை வருடப் பழக்கம், ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று டாக்டர் நினைத்தார். குரு அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அப்புறம் அண்ணா?”

மாரப்பன் சொன்னார்.

“அப்புறம் புள்ளைங்க சொல்லுமுங்க.”

“என்ன சொல்லும்?”

“‘இந்தப் பக்கம் திருப்புங்க தாத்தா’ன்னு. பெரிய புள்ள ஒண்ணு முன்னாடி உக்காந்துக்கும். தீவாளியில இருந்து அதுதான் வழி சொல்லுது.”

குரல் இறங்கியது.

“போன வாரம் ஒரு நாள் அந்தப் புள்ள வரலீங்க. வாய்க்கால் மேட்டுல வண்டியை நிறுத்திட்டு உக்காந்துட்டேன். புள்ளைங்க எல்லாம் அழுதுருச்சுங்க.”

மேஜைமேல் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

“எனக்குப் பயமா இருக்குதுங்க.”

“எடுத்துடுங்க சார்,” என்றார் நஸ்ரின். “பள்ளிக்கூடத்துக்கு நான் போன் பண்றேன்.”

டாக்டர் தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். வாயைத் திறக்காமல் மாரப்பன் முன்னால் கையை நீட்டினார்.

என்ன வேண்டும் என்று மாரப்பன் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.