புழுவுக்கு விட்ட வரிசை

வெட்டவெளிப்பட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதை அப்படியே செய்துவிடுவார்கள். வில்லங்கமே அங்கேதான்.

அந்த ஊர்க் குருவையாவுக்கு இருந்தது ஒரே ஒரு துண்டுக் கரிசல்காடு. அதில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி போட்டிருந்தான். "இந்தச் செடியைத் தின்னாப் புழு செத்துப்போகும். ஓரத்துல ஒரு வரிசை மட்டும் சாதாப் பருத்தி போடுங்க, அது புழுவுக்கு" என்று விதை விற்றவர் சொல்லியிருந்தார்.

பக்கத்துக் காட்டு மாடத்தி அவனுக்கு மதினி முறை; நாட்டுப் பருத்தியைத் தவிர வேறெதையும் தொடாதவள். செடி இடுப்பளவு வளர்ந்ததும் வரப்பில் வந்து நின்றாள்.

"கொழுந்தனாரே, புழுவைக் கொல்லுற செடி நாளைக்கு என் ஆட்டையும் கொல்லும். ஒரே ஒரு புழு செத்துச்சுன்னாலும் அம்புட்டுச் செடியையும் பிடுங்கி எறிஞ்சிருவேன், ஆமா!"

அந்தப் பருத்தி போனால் குருவையா வீட்டு அடுப்பு எரியாது. கூட்டாளிகள் மொக்கராசுவையும் சங்கிலியையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"புழு சாகாம இருக்கணும்னா, அது தன் வரிசையில மட்டும் திங்கணும்" என்றான் மொக்கராசு.

"எது தன் வரிசைன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் குருவையா.

"போர்டு வைப்போம்."

'புழுக்களுக்கு மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் நடுச்செடியில் ஒரு புழு சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"படிக்காத புழு போலருக்கு" என்று வருத்தப்பட்டான் சங்கிலி. "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு."

புழுவுக்குக் கை எது என்று கொஞ்ச நேரம் தேடிவிட்டு, இலையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் பொழுது முழுக்க இதே வேலைதான். வரப்போடு போன புழுவைக்கூட விருந்தாளி மாதிரி அழைத்துவந்து விட்டார்கள். சத்தியமாக ஒரு புழுவும் சாகவில்லை. தின்று கொழுத்து, ஓர வரிசையை மொட்டைக் குச்சியாக்கிவிட்டன.

குருவையா பதறிப்போனான். "இனிப் பசியில நடுவுல பாய்ஞ்சிருமே! தின்னாச் செத்துரும். செத்தா மதினி செடியைப் பிடுங்கிருவாகளே!"

மொக்கராசு கண்ணை மூடி யோசித்தான். "நடுவுல செடி இருந்தாத்தானப்பா திங்கும்?"

அந்த மூளைக்கு ஒரு கும்பிடுதான் போடவேண்டும். மூவரும் வேட்டியை மடித்துக் கட்டி, மளமளவென்று அத்தனை செடியையும் வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டார்கள்.

மாடத்தி ஓடிவந்தாள்.

"ஒரு புழுகூடச் சாகலை மதினி! இனி நீங்க ஒரு செடியைத் தொட முடியாது!" என்றான் குருவையா, முகமெல்லாம் பல்லாக. சந்தோஷம் தாங்காமல் சங்கிலி ஒரு குதி குதித்தான். காலடியில் ஒரு புழு நசுங்கியது.

மாடத்தி நசுங்கிய புழுவைப் பார்த்தாள். வெறுங்காட்டைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "பிடுங்குவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே. இப்ப எதைப் பிடுங்குவேன்?"

குருவையாவுக்கு மனசு கேட்கவில்லை. மூவரும் செடிகளை அள்ளி மறுபடி நட ஆரம்பித்தார்கள். பின்னாலேயே மாடத்தி பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

பாதிக் காடு தாண்டியதும் குருவையா திரும்பிப் பார்த்துக் கத்தினான்:

"கொஞ்சம் பொறுத்துப் பிடுங்குங்க மதினி! முதல்ல வேர் பிடிக்கட்டும்!"