ஐந்து வயதுக் கேப்டன்

தேசியக் கால்பந்துச் சங்கத் தலைவர் தாண்டவராயன் இருபது வருஷமாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுபது வயது தாண்டியவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று விதி வந்ததும், அவர் பிறந்த வருஷம் 1960 என்று மாறிவிட்டது.

ஸ்டேடியத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பலகையும் எழுதும் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"என் சாதனையெல்லாம் பலகையில எழுதுய்யா. 1965ல மாநில அணிக் கேப்டன்னு போடு. பிறந்த வருஷத்தையும் போடு. எவனாவது ஒரு கேள்வி கேட்டான், உன் வேலை போச்சு."

"ரெண்டு வருஷமும் இருக்கணுமாய்யா?"

"இருக்கணும்!"

சவரிமுத்து இரண்டையும் அழகாக எழுதினார். கீழே தானாக ஒரு வரியும் சேர்த்தார்.

மறுநாள் நிருபர்கள் முன்னால் பலகையை மூடியிருந்த திரையைத் தலைவரே விலக்கினார். அதைப் படித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசி வரி இதுதான்: "ஐந்து வயதுக் கேப்டனை மைதானத்துக்கு இடுப்பில் தூக்கி வந்தவர் அவருடைய தாயார்."

"என்னய்யா இது?" தலைவர் பல்லைக் கடித்தார்.

"யாரும் கேள்வி கேட்கக் கூடாதுன்னீங்க. அதான் பதிலை முன்கூட்டியே எழுதிட்டேன். பாருங்கய்யா, ஒருத்தராவது வாயைத் திறந்து கேட்டாங்களா?"

பலகையின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த வாரமே தலைவரின் வேட்புமனு தள்ளுபடியானது. சவரிமுத்து வழக்கம்போலக் கோடு போடப் போனார்.