பெட்டி சொன்ன நிறுத்தம்

பார்வை இழந்தவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கக் கற்றுத்தருபவர் அமலோற்பவம் டீச்சர். அவருக்கே ஆறு வயதிலிருந்து பார்வை இல்லை. அவரிடம் படித்தவர்களில் கண் தெரிந்தவர் ஒருவர்தான். வைரவன், நகரப் பேருந்துகளின் பொறியாளர். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

எட்டு மாதம் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு டீச்சர் பின்னால் நடந்தார். பிறகு ஒரு பெட்டி செய்தார். பேருந்தின் கதவு திறந்ததும் அது நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும்.

விடிந்தால் நாற்பது பேருந்துகளில் அது பேச வேண்டும். விழா அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. டீச்சரின் ஒப்புதல் கையெழுத்து மட்டும் பாக்கி.

"எங்கயாவது தப்பாச் சொல்லுமா, சார்?"

வைரவன் தயங்கினார். "டிரைவர் ஒரு ஸ்டாப்புல நிக்காமப் போயிட்டா, அடுத்த ஸ்டாப்புல விட்டுப்போன பேரைச் சொல்லும். எப்பவாவதுதான், டீச்சர். அதைச் சரிபண்ண இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

டீச்சர் ஒப்புதல் தாளைத் தள்ளி வைத்தார்.

"இத்தனை வருஷமா ஒண்ணுமே இல்லையே," என்றார் வைரவன். " ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா?"

டீச்சர் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மில் கேட் வரைக்கும் போய்ட்டு வருவோம். பஸ்ல ஏறினப்புறம் என்கிட்ட பேசக்கூடாது, தொடக்கூடாது. நீங்க யாரோ, நான் யாரோ."

"சரி, டீச்சர்."

சோதனைக்காகப் பெட்டி பொருத்திய பேருந்து ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏறினார்கள். டீச்சர் முன்னால் உட்கார்ந்தார். வைரவன் மூன்று வரிசை தள்ளி நின்றுகொண்டார்.

"சந்தை," என்றது பெட்டி. சந்தைதான்.

"நீதிமன்றம்." அதுவும் சரி.

அடுத்தது மில் கேட். நிறுத்தத்தில் யாரும் நிற்கவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தவரும் இல்லை. பெட்டி சொல்லட்டும் என்று டீச்சரும் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் நிறுத்தாமல் போனார்.

வைரவன் டீச்சரைப் பார்த்தார்.

புறவழிச்சாலைக்குச் சற்று முன்னால், அடுத்த நிறுத்தத்தில் பேருந்து நின்றது. கதவு திறந்தது.

"மில் கேட்," என்றது பெட்டி, தெளிவாக.

டீச்சர் எழுந்தார். பக்கத்தில் இருந்த பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மில் கேட்" என்று பெட்டி மறுபடி சொன்னது. அவள் சந்தேகத்தோடு பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சர் இறங்கினார். வைரவனும் இறங்கினார். பேருந்து போய்விட்டது.

மில் கேட்டில் இறங்கி வலப்பக்கம் திரும்பிப் பன்னிரண்டு எட்டு வைத்தால் ஆலை வாசல். இங்கே பன்னிரண்டாவது எட்டில் புறவழிச்சாலை.

டீச்சர் வலப்பக்கம் திரும்பி நடந்தார்.

நான்கு. ஐந்து. பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த வைரவன் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். இப்போது நின்றுவிடுவார், நின்றுவிடுவார் என்று நினைத்தார். எட்டு. ஒன்பது. சரக்கு லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வந்தது.

"டீச்சர், நில்லுங்க!"

ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். லாரி கடந்து போனது. இருவர் மேலும் புழுதி படிந்தது.

"அந்தச் சத்தம் கேக்கலையா உங்களுக்கு?" வைரவன் தோளை விடாமல் கேட்டார்.

"கேட்டுச்சு, சார். மில்லுக்கு வர்ற லாரின்னு நெனச்சேன்."

டீச்சர் கோலால் தரையைத் தட்டிப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

வைரவன் சாலையோரத்திலேயே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தார். "நாளைக்கு விழா வேண்டாம், சார். பெட்டி இன்னும் தயாராகலை... அழைப்பிதழ் கொடுத்தாச்சுன்னு தெரியும்... ஆமா, என் தப்புதான்."

மறுமுனையில் வசவு நீண்டது. முழுக்கக் கேட்டு முடித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "பெட்டி இல்லாத நாள்ல மில் கேட்டுக்கு எப்படி வருவீங்க, டீச்சர்?"

"பக்கத்துல இருக்கிறவங்களைக் கேப்பேன். இன்னைக்குப் பெட்டி சொன்னதும் யாரையும் கேக்கணும்னே தோணலை."