காத்தாயி காலாவுக்குப் போனது

கடலுக்குக் கிளம்பிய புருஷனைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, "எப்ப வருவே?" என்று கேட்டாள் காத்தாயி. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அன்று ராத்திரி காலா மீன் பிடிக்கப் போன கலியமூர்த்தி திரும்பி வரவில்லை. காற்று திரும்பியது, முகத்துவாரத்து மணல்திட்டில் படகு கவிழ்ந்தது. ஆனால் ஆளைக் கொன்றது காத்தாயியின் வாய்தான் என்று குப்பத்துப் பஞ்சாயத்து முடிவு கட்டியது.

தொழிலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக் கூடாதாம். கேள்வி கேட்கவே கூடாதாம். கேள்வி கேட்டு மனுஷன் செத்துப்போவான் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையாவது மிஞ்சியிருக்குமா? இதை அன்றைக்குக் கேட்க ஓர் ஆள் இல்லை. அன்றிலிருந்து படகுகள் இறங்குகிற நேரத்தில் காத்தாயி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கடைசிப் படகும் அலை தாண்டிவிட்டது என்று தெருவில் யாராவது குரல் கொடுத்த பிறகு திறந்துகொள்ளலாம்.

காற்றுக்கு மட்டும் யாரும் தண்டனை போடவில்லை.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பாழடைந்த உப்புக் கிடங்கு ஒன்று இருந்தது. அதில் ஒரு சாமி தங்கியிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. காத்தாயியைவிடப் பத்து வயதாவது சின்னவர். தாடிகூட இல்லை. ஏன் என்று கேட்டால், "அரிக்குது" என்பார்.

காத்தாயி தினமும் மீன் விற்று முடித்த கையோடு அங்கே போவாள். ஊரில் கேட்க முடியாத கேள்விகளையெல்லாம் சேர்த்து வைத்து அங்கே கொண்டுபோய் இறக்குவாள். அவருக்கு இருந்த ஒரே சீடர் அவள்தான். அவளுடைய ஒரு கேள்விக்கும் அவர் நேராகப் பதில் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

தை மாதம் பிறந்து, காலா வரத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம் அவள் வந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"இன்னைக்கு ஒண்ணுதானா அக்கா?"

"ராத்திரியில காலாவுக்குப் போறது பத்திரமா? போனாப் பிரயோசனம் உண்டா?"

"இது ரெண்டு."

ஐஸ் பெட்டியில் சால்மன் என்று எழுதி வெளியூருக்கு அனுப்புகிறார்களே, அதுதான் காலா. பகலெல்லாம் ஆழத்தில் கிடக்கும். இருட்டியதும் இறால் தேடி முகத்துவாரத்துக்கு வரும். அதன் கண்ணை ஜவ்வு மூடியிருக்கும். கழுத்துக்குக் கீழே மீசை மாதிரி தொங்குகிற நூல் இழைகளால் கலங்கல் தண்ணீரைத் தடவித் தடவித்தான் வரும். அது வருகிற இடத்தில்தான் அலையும் உடையும். அதனால் காலாவுக்குப் போகிறவர்கள் வலையோடு ஒரு பயத்தையும் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள்.

சாமி அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் ஆம்பளைங்க வந்து நின்னப்ப திருநீறு குடுத்து, போய்ட்டு வாங்கன்னு சொன்னீங்களே?"

"அவங்க எங்க அக்கா கேட்டாங்க? படகுல வலைய ஏத்திட்டு வந்து நின்னாங்க. ஏத்துன வலைய நான் இறக்கவா முடியும்?"

"கேக்காதவனுக்குப் பதிலு. கேக்குறவளுக்குக் கஞ்சி வாசனை. நல்லாருக்கு தம்பி உங்க நியாயம்."

கோபம் வந்துவிட்டால் அவளுக்குச் சாமி தம்பியாகிவிடுவார்.

"உங்க மகன் போறானா?"

"அறிவுமணியா? முந்தாநாளே போய்ட்டு வந்துட்டான்."

"அவனை நிறுத்தணுமா?"

"நிறுத்துனா நிக்கிற பயலா அவன்? அவனுக்காகக் கேக்கல."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு. நான் போகணும்."

சாமியின் கையில் இருந்த அகப்பை நின்றது. அவர் தடுமாறுவதைக் காத்தாயி முதல் தடவையாகப் பார்த்தாள். அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"எதுக்கு அக்கா?"

அவள் கடலைப் பார்க்காமல் கிடங்கின் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டது அந்த மனுஷனுக்குக் கேட்டுச்சு சாமி. கேட்டும் திரும்பிப் பாக்கல. திரும்பக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கானுவ. கண்ணு கடல் மேலயே இருந்துச்சு. என்னைத் திரும்பிப் பாக்கவிடாம அங்க அப்படி என்னதான் இருக்குன்னு எனக்குப் பாக்கணும். தெய்வம், பூதம், சொர்க்கம் எதுன்னாலும் சரி. பாத்தாப் போதும்."

"மகன் ஏத்திக்கிறானா?"

"'யம்மா, உன்ன ஏத்துனா படகைக் கொளுத்திருவாங்க, தலைவரைக் கேளு'ங்கிறான். கேட்டுட்டேன். அந்த ஆளு உங்கள வந்து பாக்குறேன்னு போயிருக்காரு."

அவள் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் நிழல் விழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ராசாங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"சாமி, நீங்களாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க. பொம்பள படகு ஏறுறதா? அதுவும் ராத்திரியில? அதுவும் காலாவுக்கு? அதுவும் இவ?"

"எத்தனை 'அதுவும்' அண்ணே," என்றாள் காத்தாயி.

"பாத்தீங்களா சாமி? இந்த வாய்தான்."

சாமி அவருக்கு உட்காரப் பலகையைத் தள்ளினார்.

"ராத்திரி பத்திரம் இல்லையா தலைவரே?"

"எங்கேர்ந்து பத்திரம்? திட்டு ஒரு இடத்துல நிக்குதா? நேத்து வந்த வழி இன்னைக்கு இருக்காது. பகல்லயாவது அலை எந்திரிக்கிறது தெரியும். ராத்திரியில தலையில விழுந்தப்பறம்தான் தெரியும்."

"மீன்பாடு நல்லா இருக்கோ?"

"கேலி பண்றீங்களா? வெறும் வலையத்தான் இழுத்துக்கிட்டு வரோம். டீசலுக்கே நாக்குத் தள்ளுது."

"பத்திரமும் இல்ல. பிரயோசனமும் இல்ல. பிறகு ஏன் போறீங்க?"

"தொழிலு சாமி. வயித்துப்பாடு."

"உங்க மகனுங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல இருக்காங்க. போக வேணாம்னுதான சொல்றாங்க?"

ராசாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"போகாம வீட்டுல படுத்தா அந்தக் கடல் சத்தம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு சாமி. புரண்டு புரண்டு படுக்குறேன். சம்சாரம் வையிறா. போய்த்தான் தொலையேன்னு கதவைத் திறந்து விடுறா. அங்க போய் நனைஞ்சு நடுங்குனாத்தான் மனசு அடங்குது. என்ன இருக்கு அங்கன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. வெளிய சொன்னா சிரிப்பானுவ."

"நான் சிரிக்கல அண்ணே," என்றாள் காத்தாயி. "எனக்கும் அதே சத்தந்தான். கதவைச் சாத்துனா இன்னும் நல்லாக் கேக்குது."

ராசாங்கம் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியது போலிருந்தது.

சாமி கஞ்சியை மூன்று தட்டில் ஊற்றினார். மூன்று பேரும் குடித்தார்கள். குடித்து முடித்து ராசாங்கம் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"என் படகுல ஏத்த மாட்டேன். உன் மகன் படகுல போ. கரையில வந்து நிக்காத. ஆத்துப் பக்கமா வந்து ஏறு. ஊரு தூங்குனப்பறம்."

"ஊருதான் தூங்குறதே இல்லையே அண்ணே. நீங்கதான இப்ப சொன்னீங்க."

"வாய மூடிக்கிட்டுப் போறியா, மாத்திச் சொல்லவா?"

நியாயமாகப் பார்த்தால் அவள் கரையில், எல்லாரும் பார்க்க, தலை நிமிர்ந்து ஏறியிருக்க வேண்டும். ஊர் எப்போதும் பாதி நியாயத்தைத்தான் கொடுக்கிறது, அதையும் பின்வாசல் வழியாக. அது காத்தாயிக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அன்று நியாயம் வேண்டியிருக்கவில்லை. கடல் வேண்டியிருந்தது.

அவர் போன பிறகு அவள் திரும்பினாள்.

"இப்பவாவது சொல்லுங்க சாமி. பத்திரமா? பிரயோசனமா?"

"போய்ட்டு வந்து நீங்க சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அவள் வாசல் பல்பைப் போட்டாள். ஊர் அடங்கிய பிறகு வீட்டைப் பூட்டினாள். நண்டு வளைகளில் கால் பதியப் பதிய ஆற்றோரமாக நடந்துபோய் மகனுடைய படகில் ஏறினாள்.

மறுநாள் வெயில் ஏறும்போது கிடங்கு வாசலில் வந்து உட்கார்ந்தாள். முடியெல்லாம் உப்பு. சீலை காய்ந்து விறைத்திருந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாமிதான் கேட்கத் தொடங்கினார்.

"பத்திரமா இருந்துச்சா அக்கா?"

"பத்திரமா? திட்டுக்கிட்ட ஒரு அலை படகைத் தூக்கி வச்சுச்சு பாருங்க, குலதெய்வம் பேரே மறந்துபோச்சு. நான் அறிவுமணி சட்டையப் பிடிச்சேனா, அவன் என் சீலையப் பிடிச்சானா, எதுவும் தெரியல."

"மீனு?"

"ஒரே ஒரு காலா. அதுவும் உள்ள தூக்குறப்ப நழுவிப் போச்சு. அந்தப் பய 'உன்னாலதான் யம்மா'ன்னான். நடுக்கடல்ல ஒரு அறை விட்டேன்."

சாமி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பாக்கணும்னீங்களே, பாத்தீங்களா?"

"அங்க ஒண்ணுமில்ல சாமி." அவள் விறைத்த சீலைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். "கறுப்பாக் கெடக்கு. வானம் எது, தண்ணி எதுன்னு தெரியல. வெறுங்கறுப்பு. இதுக்காகவா என் பக்கம் திரும்பாமப் போச்சு அந்த மனுஷன்? இத்தனை வருஷமா இந்தக் கறுப்போடயா நான் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்? ஒரு பேயி பிசாசு இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

அவர் அவளை அழவிட்டார். பிறகு கேட்டார்.

"வலைய விட்டுட்டு விடியுற மட்டும் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? அறிவுமணியும் கூட வந்தவனுவளும் படுத்துட்டானுவ. நான் உக்காந்திருந்தேன்."

"எந்தப் பக்கம் பாத்து?"

அதை அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை.

"கரையப் பாத்து."

"கரையில என்ன தெரிஞ்சுது?"

"விளக்குங்கதான். பொடிப்பொடியா. அதுல நம்ம வீடு எதுன்னு தேடிக்கிட்டே இருந்தேன். கோயில் விளக்குலேர்ந்து தெக்கால எண்ணி எண்ணி, தப்பாப் போகும், மறுபடியும் எண்ணுவேன். கண்டுபிடிச்சப்பறம் கண்ணை எடுக்க முடியல சாமி. எடுத்தாத் தொலைஞ்சிருமோன்னு ஒரு இது. படகு சுத்துனா நானும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அதையே பாத்துக்கிட்டு... கழுத்து இன்னும் வலிக்குது."

"வீட்டுல யாரு இருந்தா?"

"யாரு இருக்கா? நானும் படகுல, அவனும் படகுல. பூட்டிக் கெடந்துச்சு."

சாமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆளில்லாம பூட்டிக் கெடந்த வீட்டையே விடியுற மட்டும் கண்ணெடுக்காமப் பாத்திருக்கீங்க," என்றார். "உங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் கடல்ல இருந்தப்ப அதுக்குள்ள நீங்க இருந்தீங்களே அக்கா."