சிரித்த கேமரா

சிவகாசியில் ஒரு காலண்டர் ஆபீஸ். அங்கே முதலாளி அறையில் இருந்த கேமரா, யாரும் தொடாமலே தலையைத் திருப்பி ஆட்களைப் பார்த்தது. சில நேரம் மெல்லச் சிரித்தது.

"நீ பெருக்குற ரூம், உன் பொறுப்புதான். மத்தியானத்துக்குள்ள கேமராவுல பூந்த பேயைப் பிடி, இல்லேன்னா நாளைக்கு வராதே" என்றார் முதலாளி தனுஷ்கோடி, ஆபீஸைப் பெருக்கும் அன்னத்தாயிடம்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தாள்: "வாசல்ல நிக்கிற பைக்குக்குள்ள பாம்பு பூந்திருச்சு."

சிரிப்பு நின்றது. கேமராவை மாட்டிக்கொடுத்த மாடிக்கடை சேர்மராஜ் தடதடவென்று இறங்கி வந்து, தன் பைக்கை உலுக்கினான்.

"மூடின ரூமுக்குள்ள நான் சொன்னது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றாள் பின்னாலேயே வாசலுக்கு வந்த அன்னத்தாய்.

அவன் கையிலிருந்த செல்போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "இவன் எப்படி என் கேமராவுக்குள்ளே புகுந்தான்?" என்று முதலாளி அலறினார்.

"அவன் போட்ட பாஸ்வேர்டை நீங்க மாத்தவே இல்லையே, முதலாளி!"