ஆமைக்கு ஒரு தலை

கொன்றைநாட்டு அரசவையில் யாரும் லேசில் வாயைத் திறக்க மாட்டார்கள். பயந்த சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு விபரீத வழக்கம் இருந்தது. அரண்மனைக்கு இன்ன பொருளை வாங்கலாம் என்று யார் சொல்கிறாரோ, அவரே அதை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். "பெரிய முரசு ஒன்று வாங்கலாமே" என்று வாய் தவறிச் சொன்ன தளபதி, சாப்பிடும்போதுகூட முதுகில் முரசோடுதான் உட்காருவார். மயிலைச் சிபாரிசு செய்த வைத்தியருக்குத் தோள்பட்டையெல்லாம் கீறல். அதனால் மன்னர் வீரகண்டர் "இன்று மழை வருமா?" என்று கேட்டால்கூட சபையே கூரையைப் பார்க்கும்.

இத்தனை நாளும் எதையும் சுமக்காமல் தப்பித்து வந்தவர் அமைச்சர் சோலையப்பர் ஒருவர்தான். புத்திசாலி. ஆனால் கழுத்துதான் சரியில்லை. போன மாதம் பிடித்த சுளுக்கு இன்னும் விடவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் மனிதர் உடம்போடு திரும்ப வேண்டும்.

அப்படிப்பட்ட சமயத்தில் மன்னருக்கு ஆமை ஆசை வந்தது.

"பக்கத்து நாட்டான் ஆமை வளர்க்கிறானாம். சாயங்காலம் அதை ஒருவர் தலையில் வெள்ளித் தட்டில் ஏற்றிக் குளத்தைச் சுற்றி உலா விடுகிறானாம். எனக்கும் வேண்டும்!" என்றார்.

மறுநாளே துறைமுகத்திலிருந்து குப்பாண்டி என்ற வணிகன் கூடையோடு வந்து நின்றான். கூடைக்குள் மூன்று ஆமைக் குஞ்சுகள். ஒன்றின் ஓட்டில் நட்சத்திரக் கோலம், ஒன்று மஞ்சள், ஒன்று கன்னங்கறுப்பு. மூன்றும் நெல்லிக்காய் அளவு.

"வாங்குங்க மகாராஜா! மூணும் மூணு ஜாதி. மூணும் ராசியான ஆமைங்க!"

"அதெல்லாம் இருக்கட்டும். வளர்ந்தால் எது எவ்வளவு பெரிதாகும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் வாங்க மாட்டேன்" என்றார் மன்னர்.

பெரிதாகும் என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது குப்பாண்டியின் அனுபவம். "வளர்றதா? எந்த ஜாதியும் வளராது மகாராஜா. இன்னும் அம்பது வருஷம் ஆனாலும் மூணும் இதே நெல்லிக்காதான்!" என்று கூசாமல் புளுகினான்.

இவ்வளவு சின்ன ஆமையா என்று மன்னருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் ஆசை விடவில்லை. சபையைப் பார்த்தார். சபை கூரையைப் பார்த்தது. கழுத்துச் சுளுக்கால் கூரையைப் பார்க்க முடியாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்த சோலையப்பர் மாட்டிக்கொண்டார்.

"சோலையப்பரே! எதை வாங்கலாம் என்று நீரே சொல்லும்."

சோலையப்பர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நூறு வருஷம் வாழும் பிராணி. எத்தனை பெரிதாகுமோ தெரியாது. இருப்பதோ ஒரே கழுத்து, அதுவும் பழுதானது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகாராஜா, 'வாங்குங்க' என்று இந்தச் சபையில் முதலில் சொன்னது நானில்லையே. குப்பாண்டியல்லவா?"

மன்னர் யோசித்தார். "ஆமாம், அவன்தான் சொன்னான்!"

"அப்படியானால் நம் வழக்கப்படி அவரே இங்கே தங்கிச் சுமக்கட்டும். மூன்றும் ஒரே அளவுதானே? இந்தக் கறுப்பையே கொடுத்துவிடலாம். இந்தாரும் குப்பாண்டி, ஆயுள் முழுக்க இது உம் தலையில்."

குப்பாண்டி துள்ளிப் பின்வாங்கினான். "ஐயோ சாமி, கறுப்பு வேணாம்! அந்த நட்சத்திரத்தைக் குடுங்க!"

"ஏன்? எல்லாம் நெல்லிக்காய்தானே?"

"நெல்லிக்காயா? இதோட அப்பன் என் வீட்டு வாசல்ல வண்டிச் சக்கரம் மாதிரி கெடக்கு சாமி! நாலு ஆளு சேர்ந்தாலும் நகர்த்த முடியல. நாங்க பின்வாசல் வழியா போய் வர்றோம்!"

"மஞ்சள்?"

"அது முறம் அளவு வரும். நட்சத்திரம் மட்டுந்தான் தேங்காய் அளவோட நின்னுக்கும். என் தலை தாங்குறது அவ்வளவுதான் சாமி!"

சோலையப்பர் உடம்போடு மன்னர் பக்கம் திரும்பினார். "தேங்காய், முறம், வண்டிச் சக்கரம். மூன்று ஜாதியின் அளவும் தெரிந்துவிட்டது மகாராஜா."

ஆனால் மன்னர் அதைக் கேட்கவில்லை. அவர் கண் இரண்டும் கறுப்புக் குஞ்சின் மேலேயே இருந்தன.

"வண்டிச் சக்கரமா! பக்கத்து நாட்டானுடையது வெறும் சோற்றுத் தட்டு அளவுதானாமே! அவன் வயிறெரிந்து சாகட்டும். இந்தக் கறுப்பையே வாங்குவோம்! நான் சொல்கிறேன், வாங்குங்கள்!" என்று சிம்மாசனத்தைத் தட்டினார்.

சபை மொத்தமும் அவசரமாகக் கூரையைப் பார்த்தது. தளபதி முரசு அதிராமல் இருக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சோலையப்பர் மெதுவாகத் தன் மேல்துண்டை எடுத்தார். முறுக்கினார். வட்டமாகச் சுற்றி அழகான சும்மாடு ஒன்று செய்தார். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சிம்மாசனத்தின் அருகே போய்ப் பணிவோடு நின்றார்.

"எதற்கய்யா இது?" என்றார் மன்னர்.

"தலைக்குத்தான், மகாராஜா. கிரீடத்தைக் கொஞ்சம் கழற்றித் தருகிறீர்களா? சும்மாட்டுக்கு இடம் வேண்டும்."

மன்னர் சும்மாட்டைப் பார்த்தார். கறுப்புக் குஞ்சைப் பார்த்தார். தம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அதில் கிரீடம் தானாகவே கழன்று சோலையப்பர் கையில் விழுந்தது.

"போதுமய்யா! இந்த வழக்கமே இன்றோடு ஒழிந்தது. அந்த நட்சத்திரத்தையே வாங்கிவிடுவோம். குப்பாண்டி, பொய் சொன்னதற்கு உனக்குத் தண்டனை, கறுப்பை நீயே வீட்டுக்குக் கொண்டுபோய் அதன் அப்பன் பக்கத்திலேயே வளர்க்க வேண்டும்!"

குப்பாண்டி இனி வீட்டுக்குள் நுழைய ஜன்னல்தான் மிச்சம் என்று முனகிக்கொண்டே போனான்.

சோலையப்பருக்குப் பட்டாடையும், கழுத்துக்குத் தைலம் ஒரு குடமும் பரிசாகக் கிடைத்தன. மன்னருக்கு மட்டும் ஒரு கவலை தீரவில்லை.

"எல்லாம் சரி. இனி யாரும் சுமக்க மாட்டார்கள் என்றால் ஆமை எப்படி உலா போகும்?"

"அதற்கு நாலு கால் இருக்கிறதே மகாராஜா" என்றார் சோலையப்பர். "கொஞ்சம் முன்னாடி கிளம்பச் சொன்னால் போதும்."