நேர்கோடு வந்த வழி

எங்க பாலிடெக்னிக்கில் ஒரு பொருளை எப்படி வடிவமைப்பது என்று காட்ட ரெண்டு படம் உண்டு. ஒன்று வட்டம். சோதனையில் தோற்றால் திரும்பப் போய்த் திருத்தலாம். இன்னொன்று துறைத் தலைவர் வரதராஜன் சார் வரைந்த நேர்கோடு. அதில் திரும்பிப் போக வழியே கிடையாது. சாருக்கு அதுதான் வேதம்.

எங்க வகுப்பு இசக்கி செய்த கைப்பம்பு சோதனையன்று ஒழுகியது. மறுபடி செய்ய ஒரு வாரம் கேட்டாள். கிடைக்காவிட்டால் ஃபெயில்; வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

"என் படத்தில பின்னாடி போற அம்பு எங்கம்மா இருக்கு? வட்டம்தான் உசத்தினு நிரூபி, பார்ப்போம்," என்றார் சார்.

"சார், உங்க படம் முதல் தடவையே இப்படித்தான் வந்துச்சா?" என்றாள் இசக்கி.

"அதெப்படி வரும்? முதல்ல ஏழு கட்டம் போட்டேன். பசங்களுக்குப் புரியல. திரும்ப உக்காந்து அஞ்சாக்கினேன்."

"அப்போ நேர்கோட்டையே வட்டமா சுத்தித்தான் வரைஞ்சிருக்கீங்க சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் படத்தில் பின்னோக்கி ஓர் அம்பு போட்டார்.

"நீ சொன்னது சரிதான். அடுத்த வருஷப் பசங்களுக்கு இது உண்டு," என்றார்.

இசக்கி இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறாள்.